ழான் கபேன்: சாகப் பிறந்த தொழிலாளி, பெரிய மனிதரான கதை

1962 ஜூலை 27 நள்ளிரவில், பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் பொன்ஃபுவா என்ற சிற்றூரை ஒட்டிய ஒரு பண்ணைக்குள் சுமார் 700 விவசாயிகள் புகுந்தார்கள். வீட்டுக்காரரை எழுப்பி ஒரே ஒரு கோரிக்கையை வைத்தார்கள்: உங்களிடம் இருக்கும் நிலத்தில் இரண்டு பண்ணைகளை இளம் விவசாயிகளுக்குக் குத்தகைக்கு விட வேண்டும். சினிமாவில் சம்பாதித்த பணத்தைக் கொண்டுவந்து வெளியூர்க்காரர்கள் நிலத்தை வாங்கிக் குவித்தால், பரம்பரையாக உழுபவன் எங்கே போவான் என்பது அவர்கள் கேள்வி. எதிரே நின்ற வீட்டுக்காரர், பிரெஞ்சுத் திரையின் மிகப் பெரிய நட்சத்திரமான ழான் கபேன்.

அந்த இரவு அவரை உடைத்துவிட்டது என்று அவரை அறிந்தவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். போலீசில் கொடுத்த புகாரைப் பிறகு அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார். நிலத் தகராறு பிரான்சில் புதிதல்ல. ஆனால் இங்கே கூட்டம் சூழ்ந்து நின்ற ஆள் யார் என்று பார்க்க வேண்டும். 1930-களில் பிரான்சின் உழைக்கும் மக்கள் தங்கள் முகம் என்று கொண்டாடிய முகம் அது. கூலி வேலை செய்பவன், பட்டாளத்தை விட்டு ஓடியவன், ரயில் ஓட்டுபவன், ஊரே கைவிட்டவன் என்று அவர் செய்த வேடங்களைப் பார்த்து ஒரு தலைமுறை அழுதது. இருபத்தைந்து ஆண்டுகளில் அதே மக்களில் ஒரு பகுதியினர் அவர் வீட்டு வாசலில் வந்து நின்று, நீ நிலவுடைமைக்காரன் என்றார்கள். கபேனின் சுமார் 95 படங்களையும் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த நல்ல வழி, இந்த மாற்றம் எப்படி நடந்தது என்று பின்தொடர்ந்து போவதுதான்.

1904 மே 17 அன்று பாரிசில் பிறந்தவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ழான் அலெக்சி மொன்கோர்ழே. தந்தை இசை அரங்குகளில் பாடி நடிப்பவர். கபேன் என்பது அவர் மேடைக்கு வைத்துக்கொண்ட பெயர். தாயும் பாடகி. பையன் வளர்ந்தது பாரிசுக்கு வடக்கே மேரியேல் என்ற கிராமத்தில், ரயில் பாதையை ஒட்டிய வீட்டில். எஞ்சின் டிரைவர் ஆக வேண்டும் என்பதே அவன் ஆசை. சுற்றிலும் வயல்கள், பண்ணைகள். ரயிலும் நிலமும் அவரைக் கடைசிவரை விடவில்லை.

படிப்பு ஏறவில்லை. பள்ளியை விட்டுக் கூலி வேலைகள் பார்த்தார். மேடையே வேண்டாம் என்றிருந்தவரைத் தந்தைதான் 1922-ல் பாரிசின் புகழ்பெற்ற ஃபோலி பெர்ழேர் அரங்கில் கொண்டுபோய்ச் சேர்த்தார். கூட்டத்தில் ஒருவராக நிற்பது, ஆடுவது, பாடுவது, அன்றைய பிரபலப் பாடகர் மொரீஸ் ஷெவாலியேவைப் போல மிமிக்ரி செய்வது என்று ஆரம்பித்தார். இடையில் கடற்படையில் கட்டாய சேவை. பிறகு மூலான் ரூழ் அரங்கில் மிஸ்தாங்கெத் என்ற நட்சத்திரப் பாடகியோடு மேடையேறினார்.

1930-ல் அவருடைய முதல் படம் வந்தபோது சினிமா பேச ஆரம்பித்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அவருக்கு அதைவிட நல்ல நேரம் அமைந்திருக்க முடியாது. நாடகத்திலிருந்து வந்த நடிகர்கள் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று குரலைத் தூக்கியே பழகியவர்கள். மைக்ரோபோனுக்கு அது தேவையில்லை. கபேன் தாழ்ந்த குரலில், பாரிஸ் தெருப்பேச்சில், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனிடம் சொல்வதுபோல வசனம் பேசினார். முகத்திலும் அசைவு குறைவு. கண்கள் வெளிர் நீலம். கறுப்பு வெள்ளைப் படத்தில் அவை தனியே ஒளிர்ந்தன. முகத்தை இருட்டில் விட்டுக் கண்கள்மேல் மட்டும் மெல்லிய பட்டையாக ஒளி விழும்படி ஒளிப்பதிவாளர்கள் விளக்கு வைத்தார்கள். அவர் சும்மா இருந்தாலே ஏதோ நினைக்கிறார் என்று நமக்குத் தோன்றுவதற்கு இந்த விளக்கமைப்பும் ஒரு காரணம்.

ஆனால் நடிப்பு மட்டும் ஒருவரை ஒரு நாட்டின் முகமாக்கிவிடாது. காலமும் சேர வேண்டும். பொருளாதார மந்தத்தால் பிரான்சில் வேலையில்லாமை பரவியிருந்தது, பக்கத்தில் ஹிட்லர். 1936 மே மாதத் தேர்தலில் சோஷலிஸ்டுகளும் கம்யூனிஸ்டுகளும் ராடிக்கல்களும் சேர்ந்த மக்கள் முன்னணி வென்றது. உடனே நாடெங்கும் தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். வாரம் 40 மணி நேர வேலையும் ஆண்டுக்கு இரண்டு வாரச் சம்பளத்தோடு கூடிய விடுமுறையும் சட்டமாயின. முதல் தடவையாகக் கடலைப் பார்த்த குடும்பங்கள் பல.

அந்த ஆண்டு செப்டம்பரில் வந்த 'லா பெல் எகிப்' படத்தில் வேலையற்ற ஐந்து நண்பர்களுக்கு லாட்டரியில் ஒரு லட்சம் பிராங்க் விழுகிறது. ஆளாளுக்குப் பிரித்துக்கொண்டு போகாமல், ஆற்றங்கரையில் ஒரு பாழடைந்த வீட்டை வாங்கிச் செப்பனிட்டு, கூட்டாக உணவு விடுதி நடத்த முனைகிறார்கள். இயக்குநர் ழூலியன் துவிவியே எடுத்த முடிவில் கூட்டு சிதைந்து, கபேன் நண்பனையே சுட்டுவிடுகிறார். தயாரிப்பாளர் தரப்பு பயந்து, எல்லாம் நன்றாக முடிவதாக இன்னொரு முடிவையும் எடுக்க வைத்தது. அன்றைய ரசிகர்கள் விரும்பியது அந்த இனிய முடிவைத்தான். துவிவியேவின் முடிவுதான் சரியானது என்பது என் கட்சி. ஒன்றிரண்டு ஆண்டுகளில் மக்கள் முன்னணியும் ஏறக்குறைய அப்படித்தான் உள்ளிருந்து உடைந்தது.

அதற்குப் பிறகு கபேன் படம் என்றால் கபேன் சாவார் என்பது கிட்டத்தட்ட விதியாகிவிட்டது. 'பெப்பே லெ மொக்கோ' (1937) படத்தில் அல்ஜியர்ஸ் நகரின் கஸ்பா சந்துகளுக்குள் பதுங்கி வாழும் கொள்ளைக்காரன் அவர். உள்ளே இருக்கும்வரை போலீஸ் தொட முடியாது; வெளியே வரவும் முடியாது. காதலித்தவள் கப்பலேறிப் போகிறாள் என்று துறைமுகத்துக்கு ஓடி வந்து, விலங்கிட்ட கைகளோடு கம்பிக் கதவுக்கு இந்தப்பக்கம் நின்று அவள் பெயரைக் கத்துகிறான். கப்பலின் சங்கொலியில் அவன் குரல் அமுங்கிப் போகிறது. அவள் காதைப் பொத்திக்கொள்கிறாள். அவன் அங்கேயே உயிரை மாய்த்துக்கொள்கிறான். இந்தப் படம் அல்ஜீரியர்களின் ஊரில் நடந்தாலும் அதில் அல்ஜீரியர்கள் யாரும் மனிதர்களாக வருவதில்லை. கஸ்பாவின் பெரும்பகுதி பாரிஸ் ஸ்டூடியோவில் போட்ட செட். காலனி ஆட்சியின் கண்ணோட்டம் அது என்று இன்று சொல்லப்படும் விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது.

அதே 1937-ல் ழான் ரெனுவார் இயக்கிய 'லா கிராந்த் இல்யூசியோன்'. முதல் உலகப் போரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்ட பிரெஞ்சு அதிகாரிகளின் கதை. போரை வெறுக்கும் இந்தக் கதைக்குப் பணம் போட ஆள் கிடைக்காமல் ரெனுவார் ஆண்டுக்கணக்கில் அலைந்தார்; கபேன் நடிக்க ஒப்புக்கொண்ட பிறகுதான் வழி திறந்தது. ரெனுவார் அந்தப் போரில் விமானப்படையில் இருந்தவர். அப்போது அணிந்த தன் சொந்தச் சீருடையையே கபேனுக்குக் கொடுத்தார். கபேனின் பாத்திரம் மாரெஷால், மெக்கானிக்காக இருந்து அதிகாரியானவன். பக்கத்தில் பிரபுக் குடும்பத்து அதிகாரி ஒருவர். எதிர்ப்பக்கம் அவரைப் போலவே பிரபுவான ஜெர்மன் கமாண்டர். அந்தப் பிரபுக்கள் இருவருக்கும் ஒருவரை ஒருவர் உடனே புரிகிறது. மாரெஷால் அவர்களுக்கு அந்நியன்.

கபேனின் நடிப்பு என்ன என்று யாராவது கேட்டால் இந்தப் படத்தின் தனிச்சிறைக் காட்சியைக் காட்டுவேன். மாரெஷால் நாள் கணக்காக இருட்டறையில் கிடக்கிறான். தாடி வளர்ந்திருக்கிறது. ஒரு கரண்டியை வைத்துக்கொண்டு சுவரைச் சுரண்டுகிறான். வயதான ஜெர்மன் காவலாளி உள்ளே வர, திடீரென்று வெடித்து, வெளிச்சம் வேண்டும், யாராவது பிரெஞ்சில் பேசிக் கேட்க வேண்டும் என்று கத்துகிறான். அடங்கியபின் கட்டிலில் சுருண்டுவிடுகிறான். காவலாளிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தன் பையைத் துழாவி சிகரெட் நீட்டுகிறான். பதில் இல்லை. ஒரு மவுத் ஆர்கனை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியேறுகிறான். கபேன் கொஞ்ச நேரம் அதைப் பார்க்கிறார். கை மெல்லப் போய் எடுக்கிறது. வாயில் வைத்து ஊதுகிறார். வெளியே நிற்கும் கிழவன் அதைக் கேட்டுவிட்டு நகர்ந்து போகிறான். கத்தலிலிருந்து அமைதிக்கு அவர் வந்து சேரும் அந்த ஒரு நிமிடத்தில் முகம் ஏறக்குறைய அசைவதே இல்லை. தோள் மட்டும் தளர்கிறது.

இப்படி ஒரு தடவை வெடிப்பது அவர் படங்களில் அடிக்கடி வரும். ஒவ்வொரு படத்திலும் ஒரு கோபக் காட்சி இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குவார் என்று அக்காலத்தில் ஒரு பேச்சு உண்டு. அது உண்மையோ இல்லையோ, ஆந்த்ரே பஸான் என்ற பெரும் விமர்சகர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கிரேக்கச் சோக நாடகங்களில் விதி செய்யும் வேலையை கபேன் படங்களில் அந்தக் கோபம் செய்கிறது என்று விளக்கினார். நல்லவன்தான், ஒரு நொடி ரத்தம் தலைக்கேறுகிறது, அதோடு வாழ்க்கை முடிந்தது.

மார்செல் கார்னே இயக்க, கவிஞர் ழாக் பிரெவெர் வசனம் எழுதிய இரண்டு படங்களில் இந்த வார்ப்பு முழுமையடைந்தது. 'லெ கே தெ ப்ரூம்' (1938) படத்தில் காலனிப் படையை விட்டு ஓடிவந்தவன், பனிமூடிய லெ ஹாவ்ர் துறைமுகத்தில் 17 வயது மிஷெல் மோர்கனைச் சந்திக்கிறான். உனக்கு அழகான கண்கள், தெரியுமா என்று அவர் சொல்லும் ஒரு வரி இன்றும் பிரான்சில் வழக்கில் இருக்கிறது. அடுத்தது 'லெ ழூர் ஸெ லேவ்' (1939). பட்டறையில் மணல் வீச்சால் உலோகத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்யும் தொழிலாளி பிரான்சுவா. அந்தத் தூசியில் வேலை செய்பவர்கள் பால் குடிக்க வேண்டும், குடிக்கிறான். பூங்கொத்தோடு வழி தவறி உள்ளே வரும் பெண்ணின் கைப்பூக்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே வாடிவிடுகின்றன. அந்த வேலை மனிதனின் நுரையீரலை என்ன செய்யும் என்று சொல்ல ஒரு வசனமும் தேவைப்படவில்லை.

படம் தொடங்கும்போதே அவன் ஒருவனைச் சுட்டாகிவிட்டது. தனியாக நிமிர்ந்து நிற்கும் கட்டடத்தின் உச்சி அறையில் கதவை அடைத்துக்கொண்டு, ஒன்றன் பின் ஒன்றாக சிகரெட் புகைத்தபடி, நடந்ததை இரவு முழுக்க நினைத்துப் பார்க்கிறான். கீழே போலீசும் அக்கம்பக்கத்தாரும். நீ நல்லவன், இறங்கி வா, நாங்கள் சாட்சி சொல்கிறோம் என்று அந்தத் தெருவின் ஏழைகள் கூப்பிடுகிறார்கள். அவன் ஜன்னலில் வந்து நின்று, பிரான்சுவாவா, அப்படி யாரும் இங்கே இல்லை, என்னைத் தனியாக விடுங்கள் என்று அலறுகிறான். 1936-ல் கூட்டாக வீடு கட்டியவன் 1939-ல் தனியறையில். பொழுது விடியும்போது தன்னையே சுட்டுக்கொள்கிறான். அவன் வேலைக்குப் போக வைத்திருந்த அலாரம் அடிக்கிறது. படம் வெளியாகிச் சில மாதங்களில் போர்.

இந்த இரண்டுக்கும் நடுவே வந்தது ரெனுவாரின் 'லா பெத் யூமேன்' (1938). கபேனின் சிறுவயது ஆசை இதில் நிறைவேறியது. எஞ்சின் டிரைவராக நடிப்பதற்காக நிஜமாகவே நீராவி எஞ்சினை ஓட்டக் கற்றுக்கொண்டார். படத்தின் தொடக்கத்தில் பாரிஸ் - லெ ஹாவ்ர் பாதையில் ரயில் பாய்கிறது. சில நிமிடங்களுக்கு வசனமே இல்லை. இரைச்சலில் பேச முடியாது என்பதால் அவரும் கரி அள்ளிப் போடுபவரும் கைசாடையிலேயே பேசிக்கொள்கிறார்கள். லீவரைத் தொடும் கையில் நடிப்பு எதுவும் தெரியாது. வேலை தெரிந்தவனின் கை அது. உழைப்பைத் திரையில் இவ்வளவு மரியாதையோடு காட்டிய காட்சிகள் குறைவு.

1940-ல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் விழுந்தது. இந்தத் தோல்விக்கு 'லெ கே தெ ப்ரூம்' மாதிரியான படங்கள் மக்களின் மனவுறுதியைக் குலைத்ததும் காரணம் என்று ஜெர்மனியோடு ஒத்துழைத்த விஷி அரசின் ஆட்சியாளர்கள் தரப்பில் பேசினார்கள். கபேன் ஆக்கிரமிப்பில் இருந்த பிரான்சில் நடிக்க விரும்பாமல் 1941 தொடக்கத்தில் அமெரிக்கா போனார். ஹாலிவுட் அவருக்கு ஒத்துவரவில்லை. இரண்டு படங்களோடு சரி. அங்கே ஜெர்மனியில் பிறந்த நடிகை மார்லின் டீட்ரிச்சோடு காதல். அவரும் நாஜிகளை எதிர்த்து ஜெர்மனிக்குத் திரும்ப மறுத்தவர். மற்ற நட்சத்திரங்களைப் போல வானொலியில் பேசிக்கொண்டும் நிதி திரட்டிக்கொண்டும் கபேன் அங்கேயே இருந்திருக்கலாம். 1943-ல் சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார். எண்ணெய்க் கப்பலில் பீரங்கிப் படைவீரராக அட்லாண்டிக்கைக் கடந்து வட ஆப்பிரிக்கா போனார். பிறகு ஜெனரல் லெக்லேரின் இரண்டாம் கவசப் பிரிவில், கடற்படையினரின் டாங்கி ரெஜிமெண்டில், 'சூஃப்ளர் 2' என்ற டாங்கியின் தலைவராக ரோயான் சண்டையில் கலந்துகொண்டு, ஹிட்லரின் மலை வாசஸ்தலமான பெர்ஹ்டெஸ்காடன்வரை போனார். அப்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. போர்ப் பதக்கங்கள் வாங்கினார். வீடு திரும்பும்போது தலை நரைத்திருந்தது.

அந்த நரைத்த தலையைத் திரைக்கு என்ன செய்வது என்று யாருக்கும் புரியவில்லை. டீட்ரிச்சோடு நடித்த 'மார்தேன் ரூமாஞ்ஞாக்' (1946) தோற்றது, காதலும் முடிந்தது. கார்னேவின் அடுத்த படத்திலிருந்து விலகினார். அந்த வேடம் இளம் பாடகர் ஈவ் மோந்தானுக்குப் போனது. 1949-ல் தொமினிக் ஃபூர்னியேவை மணந்து மூன்று பிள்ளைகளுக்குத் தந்தையானார். விருதுகள் வராமல் இல்லை. பார்வை இழந்த ரயில் டிரைவராக நடித்ததற்கு 1951-ல் வெனிஸ் விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. ஆனாலும் மக்கள் பழையபடி திரையரங்குக்கு வரவில்லை. முப்பதுகளின் கபேன் விடுதலைக்காக ஏங்கிச் செத்தவன். போர் முடிந்த நாட்டுக்கு இன்னொரு சாவு தேவைப்படவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அவரை மீட்டது ழாக் பெக்கர் இயக்கிய 'தூஷே பா ஓ கிரிஸ்பி' (1954). கபேன் இதில் மாக்ஸ் என்ற ஐம்பது வயதுக் கொள்ளைக்காரன். கடைசித் திருட்டை முடித்தாகிவிட்டது, இனி ஓய்வு. கூட்டாளி ரீத்தோன் ஒரு பெண்ணிடம் வாயை விட்டுவிட்டதால் எல்லாம் கெடுகிறது. மாக்ஸ் அவனைத் தன் ரகசிய வீட்டுக்குக் கூட்டிப்போகிறான். அடிப்பான் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அவனோ மேஜையில் ரஸ்க் ரொட்டியையும் இறைச்சிப் பூச்சையும் வெள்ளை ஒயினையும் எடுத்து வைக்கிறான். இருவரும் தடவிச் சாப்பிடுகிறார்கள். பிறகு பீரோவிலிருந்து நண்பனுக்குப் போர்வை, பைஜாமா, பல் துலக்க பிரஷ். கண்ணாடி முன் பல் துலக்குகிறார்கள். கண்ணாடியில் தன் கன்னத்துச் சதையை ரீத்தோன் தொட்டுப் பார்க்கிறான். துப்பாக்கிப் படத்தின் நடுவே இரண்டு வயதான ஆண்களின் படுக்கை நேரம்! கபேன் தன் வயதை மறைப்பதை விட்டுவிட்டு அதையே முதலாக்கிக்கொண்ட காட்சி இது. லீனோ வெந்தூரா என்ற முன்னாள் மல்யுத்த வீரருக்கு இது முதல் படம். கபேனின் இடத்துக்குப் பின்னாளில் மிக அருகே வந்தவர் அவர்தான்.

பிறகு வேடங்கள் படிப்படியாக மேலே ஏறின. லாரி டிரைவராகவும் நடித்தார், உண்மைதான். ஆனால் நிதி முதலாளி, போலீஸ் அதிகாரி மேக்ரே, முன்னாள் பிரதமர் என்று அதிகாரம் உள்ளவர்களே அதிகம். 1958-ல் விக்டர் ஹியூகோவின் 'லே மிசெராப்ளே' நாவலின் நாயகன் ழான் வால்ழான் வேடமும் வந்தது. தமிழர்கள் அந்தக் கதையை 1950-லேயே நாகையா நடித்த 'ஏழை படும் பாடு' படமாகப் பார்த்துவிட்டார்கள். அதில் ஜாவர் என்ற போலீஸ்காரராக நடித்த சீதாராமன் கடைசிவரை ஜாவர் சீதாராமன்தான். கபேனின் வால்ழானோ ஓடுபவன் போலத் தெரிவதில்லை. மேயரான பிறகுதான் அந்த வேடம் அவர் உடம்புக்குச் சரியாகப் பொருந்துகிறது.

இந்தக் காலத்தில் எனக்குப் பிடித்தது, குளோத் ஓத்தான் லாரா எடுத்த 'லா த்ரவெர்சே தெ பாரி' (1956). ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது கறுப்புச் சந்தைப் பன்றியிறைச்சியை நான்கு பெட்டிகளில் அடைத்து, இருட்டில் பாரிசைக் கடந்து தூக்கிக்கொண்டு போகிறார்கள் இருவர். நடிகர் பூர்வில் வேலையில்லாத ஏழை. கபேன் புகழ்பெற்ற ஓவியர். வேடிக்கை பார்க்கவே கூட வந்தவர். கிடங்கில் லூயி தெ ஃபூனேஸ் நடிக்கும் வியாபாரியிடம் கூலியைக் கூட்டிக் கேட்டு, தெருவுக்கே கேட்கும்படி அவன் பெயரையும் விலாசத்தையும் கத்துகிறார். பழைய கோபக் காட்சி மறுபடி வருகிறது. ஆனால் அதற்குப் பலி இப்போது அவர் இல்லை. காபிக்கடையில் ஏழைகளைப் பார்த்தே சீறுகிறார். இருவரும் பிடிபடும்போது ஜெர்மன் அதிகாரி ஓவியரை அடையாளம் கண்டு விட்டுவிடுகிறார். ஏழையை வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் அந்த வண்டியில் ஏறியிருக்க வேண்டியவர் கபேன்.

அறுபதுகளில் மிஷெல் ஓதியார் எழுதிய காரமான வசனங்களும், தனக்குப் பழகிய சில இயக்குநர்களும், மூச்சுக்கு மூச்சு கபேனைச் சுற்றியே எழுதப்பட்ட திரைக்கதைகளும் சேர்ந்து அவர் ஒரு தனி நிறுவனம் போல ஆனார். 'புதிய அலை' என்று பெயர் பெற்ற இளம் பிரெஞ்சு இயக்குநர்கள் கேமராவைத் தெருவுக்குக் கொண்டுபோன நேரம் அது. அவர்கள் கண்ணுக்கு கபேன் பழைய சினிமாவின் தூண். அந்த விமர்சனத்தில் பாதி சரி. அவற்றில் பல படங்கள் ஒன்றைப் போல ஒன்று. ஆனால் அந்த அலையிலிருந்து வந்த இளம் நடிகர் பெல்மொந்தோ 'அன் சேன்ழ் ஆன் இவேர்' (1962) படத்தில் அவரோடு சேர்ந்து குடித்து, கடற்கரையில் வாணவேடிக்கை விடும்போது இரண்டு தலைமுறைகளும் சண்டையின்றி ஒரே திரையில் நிற்கின்றன. அடுத்த ஆண்டே இன்னொரு இளம் நட்சத்திரமான ஆலன் டெலோனோடு 'மெலோடி ஆன் சூசொல்'.

அந்த 1962-ல்தான் விவசாயிகள் வந்தார்கள். மாடும் பந்தயக் குதிரையும் வளர்த்த அந்தப் பண்ணையை அவர் பகட்டுக்காக வைத்திருக்கவில்லை. மேரியேல் பையன் நடிகனாக விரும்பவே இல்லை. மண்ணில் வேலை செய்ய விரும்பினான். தன்னை விவசாயி என்றே நம்பினார். உள்ளூர் விவசாயிகள் அதை ஏற்கவில்லை. ஏற்க அவர்களுக்குக் காரணமும் இல்லை. அவர்கள் கண்ட கபேன் அக்காலத் திரையில் கண்ட அதே பெரிய மனிதர்தான்.

பியேர் கிரானியே தெஃபேர் இயக்கிய 'லெ ஷா' (1971) அந்தப் பெரிய மனிதரையும் கழற்றி வைத்தது. சுற்றிலும் இடிபடும் பாரிஸ் புறநகரில் மிச்சமிருக்கும் ஒரு வீடு. பேச்சை நிறுத்திவிட்டுத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளும் கிழத் தம்பதி. அவர் மனைவியைவிட நேசிக்கும் ஒரு பூனை. மனைவியாக சிமோன் சிஞ்ஞொரே. அந்த ஆண்டு பெர்லின் விழாவில் இருவருக்குமே நடிப்புக்கான வெள்ளிக் கரடி கிடைத்தது. வீட்டுக்குள் அடைத்துக்கொண்டு உட்காரும் மனிதராக இங்கே மறுபடி அவரைப் பார்க்கிறோம். இந்த முறை கீழே கூப்பிடக் கூட்டமும் இல்லை.

1976 ஏப்ரலில் பிரெஞ்சு சினிமாவின் சேஸார் விருது விழா முதல்முறையாக நடந்தபோது அவர்தான் தலைமை. அதே ஆண்டு நவம்பர் 15 அன்று இறந்தார். அவர் விருப்பப்படி, கடற்படைக் கப்பலில் கொண்டுபோய் பிரெஸ்த் துறைமுகத்துக்கு அப்பால் அஸ்தியைக் கடலில் கரைத்தார்கள்.

கபேனைப் புதிதாகப் பார்ப்பவர்கள் 'லெ ழூர் ஸெ லேவ்' படத்தில் தொடங்கி, 'தூஷே பா ஓ கிரிஸ்பி' வழியாக 'லெ ஷா'வுக்கு வரலாம். நடுவில் ஒரு நாள் ஒதுக்கி 'லா பெத் யூமேன்' படத்தின் ரயில் காட்சியை மட்டுமாவது பெரிய திரையில், சத்தம் கூட்டி வைத்துப் பாருங்கள்.